குண்டுச் சத்தத்துக்கு முன்னால்: வீரர் கதை எழுத வரும் பிள்ளைகளுக்கு

‘அமரன்’ வந்த தீபாவளிக்கு, மலேசியாவில் எங்கள் ரவாங் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர், படம் பார்த்த கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் உயிர்விட்ட, அந்தப் படத்தின் நாயகனான மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதி வந்திருந்தார்கள். ஐந்து பக்கத்திலும் முதல் வரியிலேயே துப்பாக்கி வெடித்தது. ஐந்திலும் கடைசி வரியில் கொடி பறந்தது. நடுவில் ஒரு மனுசன் முப்பத்தொரு வருசம் இருந்தானே, அவனை எங்கே காணோம் என்று கேட்டேன். பிள்ளைகள் பேசவில்லை.

“நம்ம பக்கத்துல இப்படி யாருமே இல்லையா சார்?” என்றாள் அவர்களில் ஒருத்தி.

“காஜாங்குக்கு ரயில் ஏறு” என்றேன்.

1894-இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த ஊர் எங்கள் ஊர் என்று ரவாங்கில் எல்லாரும் சொல்வார்கள். ஒரு ரயில் மாறினால் போய்விடக்கூடிய காஜாங்கில், சுங்கை ராமால் என்ற கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற லெப்டினன்ட் அட்னான் பின் சைடியின் பெயரும் பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான். பரீட்சை முடிந்ததும் மறந்துபோனது. அந்தப் பிள்ளைகளுக்கு அன்று வாய்வழியாகச் சொன்னவற்றை இப்போது எண் போட்டு எழுதியிருக்கிறேன். எண் போட்டது என் நினைவுக்காக. இதே வரிசையில் படிக்கவேண்டும் என்று சட்டமில்லை.

1. குன்றிலிருந்து தொடங்காதீர்கள், வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

அட்னானைப் பற்றி எழுதுகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் சிங்கப்பூரின் புக்கிட் சண்டுவில், 1942 பிப்ரவரி 14-இல்தான் ஆரம்பிப்பார்கள். அது அவர் செத்த நாள். வாழ்ந்த நாள்கள் எல்லாம் அதற்கு முன்னால் கிடக்கின்றன.

1915-இல் பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. ஆங்கிலம் படித்தார். படித்து முடித்த பிள்ளைக்கு அன்றைக்கு என்ன வேலை கிடைக்குமோ அது கிடைத்தது: வாத்தியார் வேலை. ஒன்றரை வருசம்போலப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கு இந்த ஒன்றரை வருசத்தின்மேல் தனி ஆசை உண்டு. நானும் வாத்தியாராக இருந்தவன் என்பதால் மட்டுமில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகியவனின் குரல் வேறு. பின்வரிசையில் தூங்குகிறவனை எழுப்பத் தெரிந்தவன், பிற்பாடு முப்பது நாற்பது பேரை இருட்டில் விழித்திருக்க வைத்தான் என்றால் அதில் எனக்கு ஆச்சரியம் குறைவு. இது என் ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லி எழுதினால் தப்பில்லை.

பதினெட்டு வயதில், 1933-இல், வாத்தியார் வேலையை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். வாத்தியார் வேலைக்கு மரியாதை இருந்த காலம் அது. ஒரு பையன் அதை விட்டுவிட்டுச் சிப்பாயாகப் போகிறான் என்றால் அந்த வீட்டில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்ற கேள்வியை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிலை இட்டுக்கட்டாதீர்கள். கேள்வி மனதில் இருந்தாலே எழுத்துக்கு ஒரு நிதானம் வந்துவிடும்.

2. ஆளைப் புரிந்துகொள்ள, ஆள் வேலை பார்த்த இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

மலாய்ப் படை என்பது அட்னான் சேர்ந்தபோது அரை நம்பிக்கையில் நடந்த பரிசோதனை. 1933 மார்ச் 1 அன்று போர்ட் டிக்சனில் இருபத்தைந்து பேரை வைத்துத் தொடங்கினார்கள். மனுப் போட்டவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். மலாய்க்காரர்கள் பட்டாள ஒழுங்குக்குச் சரிப்படுவார்களா என்று வெள்ளைக்காரனுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தோளில் சுமந்துகொண்டுதான் அந்தப் பையன்கள் காலையில் எழுந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டார்கள். எடுபிடியாகவோ வேடிக்கைப் பொருளாகவோ முடிந்துவிடக் கூடாது என்ற வைராக்கியம் அந்த முகாமின் காற்றிலேயே இருந்திருக்க வேண்டும்.

அட்னான் ஒரு வருசத்துக்குள் சிறந்த பயிற்சி வீரர் என்று பெயர் எடுத்தார். 1936-இல் சார்ஜன்ட். 1937-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா அணிவகுப்புக்கு லண்டனுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். திரும்பிவந்தபின் கம்பெனி சார்ஜன்ட் மேஜர், பிறகு சிங்கப்பூரில் அதிகாரிப் பயிற்சி, பிறகு தோளில் நட்சத்திரம். கடைசியில் முதல் பட்டாளத்தின் ‘சி’ கம்பெனியில் 7-ஆம் பிளட்டூனுக்குத் தலைவர்.

இதில் கவனிக்கவேண்டியது, அவர் அடிப்படியிலிருந்து ஏறியவர். நேரே அதிகாரியாக வந்து இறங்கியவர் இல்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன் தண்டலானால் எப்படி இருக்கும் என்று உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். எந்த மரத்தில் எவன் ஏமாற்றுவான் என்று அவனுக்குத் தெரியும். அவனை ஏமாற்ற முடியாது. ஆனால் எவனுக்கு உண்மையிலேயே காய்ச்சல் என்பதும் அவனுக்குத்தான் தெரியும்.

3. பதவிப் பெயரைச் சரியாகப் போடுங்கள்.

பள்ளியிலும் சினிமாவிலும் அவர் ‘லெப்டினன்’ அட்னான். வகித்தது இரண்டாம் லெப்டினன்ட் பதவி, அதாவது அதிகாரிகளில் ஆக இளைய படி. சின்ன விஷயம்தான். சின்னதைச் சரியாகப் போடுகிறவனைத்தான் பெரியதில் வாசகன் நம்புவான்.

4. நாள்காட்டியையும் தேசப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அட்னான் 1938-இல் ஸோபியா என்ற ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு ஆண் பிள்ளைகள். 1941 கடைசியில் சிங்கப்பூரில் வேலை. பாசிர் பாஞ்சாங்கில் அதிகாரிகளுக்குக் கொடுத்த வீட்டுக்குக் குடும்பத்தை அழைத்துக்கொண்டார். டிசம்பர் 8-இல் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். சிங்கப்பூருக்குச் சண்டை வரப்போகிறது, இங்கே இருந்தால் ஆபத்து என்று மனைவியையும் பிள்ளைகளையும் காஜாங்குக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது மூன்றாவது குழந்தை ஸோபியாவின் வயிற்றில்.

இதுவரைக்கும் எல்லோரும் எழுதுவதுதான். இப்போது தேசப்படத்தைப் பாருங்கள்.

1942 ஜனவரி 7. சிலிம் ஆற்றங்கரையில் ஜப்பானிய டாங்கிகள் ஒரே காலையில் இந்தியப் படைகளின் வரிசையைக் கிழித்துக்கொண்டு ஓடின. அதற்குத் தெற்கே கோலாலம்பூர்வரை தடுத்து நிறுத்த ஆள் இல்லை. தஞ்சோங் மாலிம், செரண்டா, ரவாங் என்று இன்றைக்கு நாம் கோமுட்டர் ரயிலில் வரும் ஊர்கள் வழியாகத்தான் பழைய நெடுஞ்சாலையும் தண்டவாளமும் இறங்குகின்றன. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. காஜாங் அதற்கு அடுத்த கை எட்டும் தூரம்.

அதாவது, பத்திரமான இடம் என்று எண்ணி அவர் குடும்பத்தை அனுப்பிய கம்பம், அவர் சாவதற்கு ஒரு மாதம் முன்பே ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. போர்முனை என்ற கோடு அவருடைய மனைவி பிள்ளைகளின் தலைக்குமேல் கடந்துபோய்விட்டது. பிப்ரவரி 13-ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் மேட்டில் நின்ற மனுசனுக்குப் பின்னால் இருந்தது ஒரு ஊர், துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, ஆயுதக் கிடங்கு. அவருடைய வீடு இருந்தது அவருக்கு முன்னால், எதிரியின் முதுகுக்குப் பின்னால்.

வீட்டைக் காக்க வீரன் நின்றான் என்று எழுதுவது சுலபம். அட்னானுக்கு அந்த வரி பொருந்தாது. காக்கவேண்டிய வீடு கையைவிட்டுப் போனபிறகும் அவர் நின்றார். ஏன் நின்றார்? பட்டாளத்தில் கொடுத்த வாக்கா, பக்கத்தில் நிற்கும் பையன்களா, போக வழியில்லாததா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது வீரத்தைப் பற்றிய புத்தகத்தைப் படித்து அல்ல. கோலாலம்பூர் விழுந்த தேதியையும் புக்கிட் சண்டு விழுந்த தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்து.

5. செத்தவன் வாயில் வசனம் வைக்காதீர்கள்.

இதில் நான் பாவம் செய்தவன். அதனால் உரிமையோடு சொல்கிறேன். இளம் வாத்தியாராக இருந்தபோது பள்ளி ஆண்டு மலருக்கு அட்னானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கடைசியில் அவர், “தாய்மண்ணே, உன் மடியில் சாய்கிறேன்” என்று கதறிச் சாய்வதாக முடித்திருந்தேன். தலைமையாசிரியர் கண்கலங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மலாயா அவசரகாலத்தில் காட்டில் சண்டைபோட்டு ஓய்வு பெற்ற மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் எங்கள் பசார் பக்கத் தேத்தண்ணிக் கடைக்கு வருவார். அவரிடம் பெருமையாகக் கட்டுரையை மலாயில் சொல்லிக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “சிக்கு (மலாயில் வாத்தியார்) அப்போ அங்கே இருந்தீங்களா?” என்றார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு அவரே சொன்னார்: “சண்டையில் வாய் காய்ஞ்சு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கும், சிக்கு. யாரும் வசனம் பேசமாட்டாங்க.”

எலும்பு வெளுத்தாலும் வெளுக்கட்டும், கண் வெளுக்க வேண்டாம் என்று மலாயில் ஒரு பழமொழி உண்டு. பணிந்து பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் சாவது மேல் என்று பொருள். அட்னான் தன் ஆட்களிடம் இதைச் சொன்னார் என்று பலரும் எழுதுவார்கள். சொல்லியிருக்கலாம். அவர் பேசிய மொழியின் பழமொழி அது. ஆனால் மேற்கோள் குறிக்குள் போட்டு, ‘என்றார் அட்னான்’ என்று நீங்கள் எழுதினால், தேத்தண்ணிக் கடைப் பெரியவர் உங்களையும் அதே கேள்வி கேட்பார்.

6. எண்களைக் கண்டால் பயப்படுங்கள்.

1,400 பேர் 13,000 ஜப்பானியரை எதிர்த்தார்கள் என்று படிப்பீர்கள். அது பாசிர் பாஞ்சாங் மேடு மொத்தத்துக்கும் சொல்லப்படும் கணக்கு. அதை எடுத்துக்கொண்டுபோய் ஒரு குன்றில் நின்ற ஒரு பிளட்டூனின் தலையில் வைக்கக் கூடாது. கடைசியில் அந்தக் குன்றில் அட்னானோடு இருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர் என்பார்கள். அந்தப் போரில் மலாய்ப் படை இழந்தது 159 பேர். அதில் ஆறு பேர் பிரிட்டிஷ் அதிகாரிகள், ஏழு பேர் மலாய் அதிகாரிகள், மிச்சம் 146 பேர் சிப்பாய்கள். சினிமா ஏழில் ஒருவருக்குத்தான் வந்தது, 2000-ஆம் ஆண்டில், அஸீஸ் எம். ஒஸ்மான் இயக்கத்தில். 146-க்கு வரவில்லை.

7. நடந்ததில் எது வினோதமோ அங்கே நின்று பாருங்கள்.

பிப்ரவரி 14 பகலில் பஞ்சாபிச் சிப்பாய்களின் உடுப்பில் ஒரு கூட்டம் குன்றை நோக்கி அணிவகுத்து வந்தது என்றும், அது மாறுவேடத்தில் வந்த ஜப்பான் படை என்று அட்னான் கண்டுபிடித்துச் சுட உத்தரவிட்டார் என்றும் கதை. எப்படிக் கண்டுபிடித்தார்? பிரிட்டிஷ் படையில் மூன்று மூன்று பேராக வரிசை நிற்பார்கள். வந்தவர்கள் நான்கு நான்காக வந்தார்கள்.

பிள்ளைகள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்டமாட்டேன். ரெஞ்சர் படையில் சார்ஜன்டாக ஓய்வு பெற்ற என் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு, முற்றத்தில் தேங்காய் மட்டைகளை அடுக்கி, மூன்று வரிசை எப்படி, நான்கு வரிசை எப்படி என்று காட்டச் சொன்னேன். (மலாய்ப் படையில் இன்றும் மலாய்க்காரர்கள்தான். நம் பிள்ளைகள் ரெஞ்சர் போன்ற மற்றப் படைகளில் சேர்கிறார்கள்.) முன்னாலிருந்து பார்த்தால் எண்ணிவிடலாம். தூரத்தில், புகையில், இரண்டு நாள் தூக்கமில்லாத கண்ணுக்கு எண்ண முடியாது. உடம்பில் ஊறியிருந்தால்தான் ஏதோ கோளாறு என்று உறுத்தும்.

இதில் இன்னொன்றும் உண்டு. பிரிட்டிஷ் படையே 1930-களின் பிற்பகுதிவரை நான்கு வரிசையில்தான் நின்றது. பிறகுதான் மூன்றுக்கு மாறியது. 1933-இல் சேர்ந்த அட்னான் முதலில் பழகியது நான்காக இருந்திருக்கக்கூடும். பிறகு சார்ஜன்டாக மற்றவர்களுக்கு மூன்றைப் பழக்கியிருப்பார். பழசு புதுசு இரண்டும் காலில் இருந்தவனுக்கு, எது இப்போது இருக்கக்கூடாது என்பது சட்டென்று தெரியும். நம் தோட்டங்களில் விடிகாலை ஆள்கணக்கு எடுப்பதைப் ‘பெரட்டு’ என்பார்கள். பட்டாளத்துப் பரேடுதான் நம் வாயில் பெரட்டானது. பெரட்டில் ஒரு ஆள் இடம்மாறி நின்றாலும் கண்டுபிடிக்கும் கிராணி உங்கள் தாத்தா காலத்தில் இருந்தார். அந்தக் கண்தான் இது.

அதேபோல் அவர்கள் ஏன் பின்வாங்கவில்லை என்பதற்கும் மண்ணைப் பாருங்கள். புக்கிட் சண்டுவுக்கும் அடுத்த கம்பெனி நின்ற இடத்துக்கும் நடுவில் பெரிய கால்வாய். குண்டடிபட்ட கிடங்கிலிருந்து ஒழுகிய எண்ணெய் அதில் எரிந்துகொண்டிருந்தது. நெருப்பாறு என்று நாம் உவமைக்குச் சொல்வோம், அங்கே நிஜமாகவே ஓடியது. இதை எழுதுவதால் வீரம் குறைந்துவிடாது. அடியில் சண்டு, அதாவது அபின், தயாரித்த ஆலை இருந்ததால்தான் அந்தக் குன்றுக்குச் சண்டுக் குன்று என்று பேர். சாம்ராஜ்யம் அபின் விற்ற இடத்தில் கம்பத்துப் பிள்ளைகள் அதற்காகச் செத்தார்கள். இதற்குமேல் நான் விளக்கினால் அது என் வாத்தியார் புத்தி.

8. உடம்புக்கு நேர்ந்ததை ருசித்து எழுதாதீர்கள்.

அட்னான் காயம்பட்டுப் பிடிபட்டார், கொல்லப்பட்டார். எப்படி என்பதில் ஆளுக்கொரு கதை. மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள் என்று ஒரு கதை, சாக்கில் கட்டிக் குத்தினார்கள் என்று ஒன்று, எரித்தார்கள் என்று ஒன்று. பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்து தப்பிய கார்ப்பரல் யாக்கோப் போன்ற சிலர் சொன்னதும், கேட்டவர்கள் கூட்டியதும் கலந்துவிட்டன. கதைகள் ஒத்துப்போகாத இடத்தில் ஒத்துப்போகும் அளவை மட்டும் எழுதுங்கள்: பிடிபட்டார், கொன்றார்கள், கல்லறை இல்லை. கிராஞ்சியில் கல்லறை இல்லாத இருபத்துநாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் கல்லில் இருக்கிறது.

அவருடைய பிள்ளைகள் இந்த நாட்டில் வளர்ந்து, வயதாகி, அப்பாவைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்தவர்கள். அதிகம் பேசாத, கண்டிப்பான அப்பா என்பதே மூத்தவர் நினைவில் தங்கியது. நீங்கள் குத்தீட்டியை மூன்று பத்திக்கு வர்ணிக்கும்போது அந்த வீட்டில் யாரோ கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

9. ‘எதிரி’ என்ற சொல்லை எழுதுமுன் உங்கள் சொந்தத் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டுவிடுங்கள்.

இது நம் வீட்டுச் சிக்கல். சிங்கப்பூர் பிப்ரவரி 15-இல் சரணடைந்தது. இரண்டே நாளில், 17-ஆம் தேதி, ஃபேரர் பார்க் திடலில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி நிறுத்தி, ஜப்பானோடு சேர்ந்து வெள்ளைக்காரனை விரட்டலாம் என்று, இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கிய மோகன் சிங் பேசினார். அடுத்த வருசம் நேதாஜி வந்தார். தோட்டத்துப் பையன்களும் பெண்களும் பால்வாளியைப் போட்டுவிட்டு அந்தப் படையில் சேர்ந்தார்கள். கோலாலம்பூர்ப் பெண்ணான ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், பதினெட்டு வயதில் ஜான்ஸி ராணிப் படைக்குப் போனார். அந்தப் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரனே எதிரி. அட்னானுக்கு ஜப்பான்காரன் எதிரி. இரண்டு தரப்பும் நம் மண்ணின் பிள்ளைகள். இரண்டு தரப்பிலும் இருபது வயது. ஒருவரைத் தூக்க மற்றவரைத் தள்ளாதீர்கள். தராசை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. அதைச் சொல்லாமல் நான் இந்தக் கட்டுரையை முடித்தால் என் அம்மா கனவில் வந்து திட்டுவாள். பத்து ஆராங் போகும் சாலையில் இருந்த தோட்டத்தில் அவள் பிறந்தாள். அவளுடைய அண்ணனை ஜப்பான்காரன் ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனான். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். எங்கள் மாமா வரவில்லை. எந்த முகாம், எந்த மாதம், காலராவா, மலேரியாவா, பட்டினியா? ஒன்றும் கிடையாது. அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை, புல் வெட்ட ஆள், கல்லில் பெயரும் வயதும்.

நான் அட்னானைப் பற்றி இவ்வளவு தேதி சொல்கிறேனே, எப்படி முடிகிறது? அவர் அதிகாரி. அதிகாரிக்குக் கோப்பு உண்டு. எந்த வருசம் சார்ஜன்ட், எந்த வருசம் லண்டன் என்று எவனோ ஒரு கிராணி எழுதிவைத்தான். எங்கள் மாமாவுக்கு இருந்த ஒரே கோப்பு தோட்டத்துப் பெரட்டுப் புத்தகம். ஜப்பான்காரன் காலத்தில் அதைக் கிழித்துச் சுருட்டுப் பிடித்திருப்பார்கள். ஆகவே அட்னானை எழுதிப் பழகுங்கள். கோப்பு இருக்கிறவனை எழுதக் கற்றுக்கொண்டவன்தான் பிறகு கோப்பு இல்லாதவனைத் தேடத் துணிவான்.

10. எங்கே தேடுவது?

கணினியில் சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களைக் காசில்லாமல் திறந்துவைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் இருக்கிறது, தமிழ் முரசும் இருக்கிறது. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம். போர்ட் டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம். கல்லறைப் பெயர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல். புக்கிட் சண்டுவில் பெப்பிஸ் ரோட்டில் ஒரு பழைய பங்களாவை 2002-இல் நினைவில்லமாக்கியிருக்கிறார்கள். போனால் உள்ளே சுற்றியதோடு வராதீர்கள். வெளியே வந்து சரிவில் இறங்கி, திரும்பி மேலே பாருங்கள். ஏறி வந்தவன் கண்ணுக்கு அந்தக் குன்று எவ்வளவு சின்னது என்று தெரியும்.

பெரியவர்களைப் பார்க்கப் போனால் கைபேசியை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பிஸ்கட் டின் வாங்கிக்கொள்ளுங்கள். “போரைப் பத்திச் சொல்லுங்க பாட்டி” என்றால் பாட்டிக்கு ஒன்றும் ஞாபகம் வராது. “அப்போ என்ன சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். மரவள்ளிக் கிழங்கில் ஆரம்பிப்பார். வாழைமரம் போட்ட ஜப்பான் காலத்து நோட்டுக்குப் போவார். சாக்கைத் தைத்து உடுத்தியதைச் சொல்வார். பிறகு தானாக, நீங்கள் கேட்காமலே, வராமல் போனவனைப் பற்றிச் சொல்வார். அப்போது குறுக்கே பேசாதீர்கள். இப்படிக் கேட்கக்கூடிய பாட்டிகள் எங்கள் வட்டாரத்தில் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கிறார்கள். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

11. கதை அவனோடு முடிவதில்லை.

ஸோபியாவுக்குப் பிறந்த மூன்றாவது குழந்தை, பெண், தங்கவில்லை. அட்னானின் தம்பி அகமதும் கடற்படையில் போய்ப் போரில் செத்தார். ஸோபியா 1949-இல் காலமானார். அந்த ஏழு வருசத்தை யாரும் படமாக எடுக்கவில்லை. உங்களில் ஒருத்தி எழுதுவதானால் நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கேட்கத் தயார்.

12. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரவாங் ஸ்டேஷனில் இருங்கள்.

கேஎல் சென்ட்ரலில் மாறி காஜாங். அங்கிருந்து சுங்கை ராமால். இப்போது அது கம்பம் மாதிரி இருக்காது, நெடுஞ்சாலையும் அடுக்குமாடியும்தான் இருக்கும். ஆனாலும் நடந்து பார்ப்போம். அங்கிருந்து பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போர்ட் டிக்சனுக்குக் கிளம்பினான், அந்தத் திசை எது என்று மட்டும் பார்த்துவிட்டு வருவோம். குடை எடுத்துக்கொள்ளுங்கள், மத்தியானத்துக்கு மேல் மழை பிடிக்கும். நோட்டுப் புத்தகம் ஆளுக்கொன்று. காஜாங் போய்ச் சாத்தே சாப்பிடாமல் திரும்பினால் என் பேரன் கோபித்துக்கொள்வான், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காசு நான் தருகிறேன், ரயில் டிக்கெட் உங்கள் பாடு.